நாகமுத்துவின் நாற்பது சொற்கள்

எங்கள் வீட்டு மேலறையில் இப்போது குடியிருக்கும் நாகமுத்துவுக்கு வயது நாற்பத்து நான்கு. ஜெர்மனிக்கு வந்து எட்டு வருடம். இந்த எட்டு வருடத்தில் அவன் படித்த ஜெர்மன் ஒரு நாற்பது சொல் வரும். வேலை மினக்கெட்டு ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். முப்பது சொல் மாட்டுக்குச் சொல்வது. மிச்சம் பத்தும் மாட்டைக் கலைக்கிறவன் மனிதனுக்குச் சொல்வது.

"உமக்கு ஜெர்மன் படிப்பிச்சது மாடோ?" என்று பகிடி பண்ணினேன்.

"இல்லை அக்கா, ஹோல்கர்" என்றான். இரண்டு பேரும் சிரித்தோம். அது போன வருடம். இப்போது அந்தப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெயர் சிவமலர். பான் நகரில் முப்பத்து மூன்று வருடமாக இருக்கிறேன். ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை. எனக்கு வாய் நீளம் என்று சனம் சொல்லும். அது உண்மைதான். ஆனால் அந்த நீள வாய் திறக்கக் கூடாத இடத்தில் ஒரு தரம் திறந்தது, திறக்க வேண்டிய இடத்தில் ஒரு தரம் மூடிக்கொண்டது. நாகமுத்துவின் கதையை எழுத உட்கார்ந்தால் அந்த இரண்டையும் எழுதாமல் தப்ப முடியாது.

அவன் பருத்தித்துறைக்காரன். ஊரில் லொறி ஓட்டினான். சண்டை முடிந்த பிறகும் இரண்டு தரம் வந்து பிடித்துக்கொண்டு போய் விசாரித்தார்கள். மூன்றாம் தரம் வருமுன் வெளிக்கிட்டுவிட்டான். மனைவி சந்திராவையும் மகள் மிதுசாவையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு வந்தான். மிதுசாவுக்கு அப்போது நான்கு வயது. இப்போது பன்னிரண்டு. தகப்பனை அவள் கைபேசியில்தான் அறிவாள்.

இங்கே அவனுடைய அகதி விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். கையில் கொடுத்தது டுல்டுங். உன்னை இப்போதைக்குத் திருப்பி அனுப்பாமல் விட்டுவைத்திருக்கிறோம் என்கிற கடுதாசி அது. வேலை கிடைத்துச் சில வருடம் போன பிறகு வேலை செய்கிறவர்களுக்கான டுல்டுங் கிடைத்தது. முப்பது மாதம் ஒழுங்காக வேலையில் நின்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கலாம், விசா வந்தால் பெண்சாதி பிள்ளையைக் கூப்பிட வழி பார்க்கலாம். வேலை போனால் எல்லாம் போச்சு. அந்த முப்பது மாதத்தை அவன் விரத நாள் எண்ணுவதுபோல எண்ணிக்கொண்டிருந்தான்.

வேலை எடுத்துக் கொடுத்தவர் இராசலிங்கம் அண்ணை. எண்பத்தைந்தில் வந்த பழைய ஆள். எங்கள் கோயில் நிர்வாகசபைத் தலைவர். தமிழாக்களுக்கு எந்த அரசாங்கக் கந்தோரில் டெர்மின் என்று நேரம் குறித்துக் கூப்பிட்டாலும், பொலிஸ், நீதிமன்றம் என்றாலும் மொழிபெயர்க்கப் போகிறவர் அவர்தான். என் கலியாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்து வைத்தவரும் அவரே. அவரை எதிர்த்து ஒரு சொல் சொன்ன ஆளை நான் இங்கே கண்டதில்லை.

வேலை ஐஃபெல் மலைப்பக்கத்தில் ஒரு பெரிய மாட்டுப்பண்ணையில். நானூறு மாடு. அங்கே பால் கறப்பது ஒரு வட்டமான சுழல்மேடையில். மேடை நிற்காமல் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். மாடு ஒரு பக்கத்தால் ஏறும், ஒன்பது நிமிடத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, பாலைக் கொடுத்துவிட்டு மற்றப் பக்கத்தால் இறங்கும். கறக்கிறவன் ஒரே இடத்தில் நின்று வருகிற மடிக்கெல்லாம் குழாய் மாட்ட வேண்டும். காலையில் மூன்று மணித்தியாலம், பின்னேரம் மூன்று மணித்தியாலம். மேடையை நிறுத்தினால் மேற்பார்வையாளனுக்கு மறுமொழி சொல்ல வேண்டும். அந்த மேற்பார்வையாளன்தான் ஹோல்கர். பண்ணைச் சொந்தக்காரக் கிழவன் நோயாளி, வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. கொட்டிலுக்குள் ராசா, மந்திரி எல்லாம் ஹோல்கர்.

ஹோல்கரைப் பற்றி நாகமுத்து முதன்முதல் சொன்னது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. "கத்தேக்கை பயமில்லை அக்கா. ரேடியோவைக் கூட்டினால்தான் பயம்."

கொட்டிலுக்குள் நாள் முழுக்க ரேடியோ பாடும். ஹோல்கருக்கு எந்த மாட்டின் மீதாவது உண்மையாகக் கோபம் வந்தால் ஒன்றும் பேசமாட்டான். போய் ரேடியோச் சத்தத்தைக் கூட்டிவிட்டு வருவான். பிறகு தண்ணீர்க் குழாய்த் துண்டை எடுப்பான். அடிக்கிற சத்தமும் மாடு கத்துகிற சத்தமும் பாட்டுக்குள் மறைந்துவிடும். பாட்டுச் சத்தம் கூடினால் நாகமுத்துவுக்கு முதுகு சில்லிட்டுப் போகும். கோயிலில் ஒருநாள் யாரோ ஒலிபெருக்கியைக் கூட்டியபோது அவன் தூணோடு ஒட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். அன்று நான் அதற்கும் சிரித்தேன்.

அந்தப் பண்ணையில் இன்னொரு தமிழனும் இருந்தான். மன்னார் அல்பேர்ட். முப்பத்தைந்து வயது, கலியாணம் ஆகவில்லை, கழுத்தில் செபமாலை. நாகமுத்துவும் அவனும் பண்ணைக்குப் பின்னால் ஒரு கொண்டெயினரில் இருந்தார்கள். இரண்டு கட்டில், ஒரு மின்சார அடுப்பு. பஸ் தரிப்பிடம் ஆறு கிலோமீற்றர். கோடையில் ருமேனியாக்காரர் வந்து போவார்கள். மாரி தொடங்கினால் மனிதர் என்று இவர்கள் இரண்டு பேர்தான். நாகமுத்து ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அல்பேர்ட் பேச்சை நிறுத்தமாட்டான். சமைக்கும்போது கதை, மாடு கழுவும்போது கதை, படுத்த பிறகும் கதை. "ரேடியோவை விடப் பெரிய ரேடியோ" என்று நாகமுத்து அலுத்துக்கொள்வான். ஆனால் அல்பேர்ட் இரண்டு கிழமை லீவில் லண்டன் போனபோது, சும்மா குரல் கேட்க வேண்டும் என்று எனக்குத் தினமும் போன் எடுத்தான்.

அல்பேர்ட் மீன் பிடிக்கிற குடும்பம். பரம்பரையே உயிரைப் பிடித்து விற்ற பரம்பரை. ஆனால் மாட்டை அடித்தால் அவனால் தாங்க முடியாது. போன ஐப்பசிக் கடைசியில் கன்று போட்ட மாடு ஒன்று எழும்ப முடியாமல் விழுந்து கிடந்தது. ஹோல்கர் ரேடியோவைக் கூட்டினான். மாட்டின் பின்காலில் சங்கிலி போட்டு யந்திரத்தால் தூக்கினான், தூக்கிவைத்து அடித்தான். அல்பேர்ட் வைக்கோல் கட்டுக்குப் பின்னால் நின்று அதையெல்லாம் கைபேசியில் வீடியோ எடுத்துவிட்டான்.

அதைக் கட்டிலில் படுத்திருந்தபடி நாகமுத்துவுக்குக் காட்டினான். "மிருகங்களுக்காகச் சண்டை பிடிக்கிற ஆக்கள் இஞ்சை இருக்கினம் அண்ணை. அவையிட்டைக் குடுக்கப் போறன்."

நாகமுத்து எழும்பி இருந்து கணக்குப் பார்த்தான். வீடியோ வெளியே போனால் பண்ணையைப் பூட்டுவார்கள். பூட்டினால் வேலை இல்லை. அப்போது இருபத்தாறு மாதம் முடிந்திருந்தது. இன்னும் நான்கு மாதம்.

"அழிச்சுப் போடடா" என்று கெஞ்சினான். "நாலு மாசம் பொறு. பேந்து நீ என்னத்தையும் செய்."

"மாடு நாலு மாசம் பொறுக்குமோ அண்ணை?" என்று அல்பேர்ட் சிரித்தான்.

அடுத்த ஞாயிறு நாகமுத்து எங்கள் வீட்டுக்கு வந்தான். இரண்டு கிழமைக்கு ஒருக்கால் வருவான், சோறு சாப்பிடுவான், அரிசி, தூள் வாங்கிக்கொண்டு போவான். அன்று சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான். என்ன விஷயம் என்று நான் தோண்டித் தோண்டிக் கேட்டேன். எல்லாவற்றையும் சொன்னான். பொலிசிடம் சொன்னால் என்ன என்று அவனேதான் கேட்டான். ஹோல்கர் ருமேனியாப் பெடியன் ஒருவனையும் ஒருமுறை குழாயால் அடித்திருக்கிறான், அதையும் சேர்த்துச் சொன்னால் என்ன என்று கேட்டான்.

இங்கேதான் என் வாய் திறந்தது. "உமக்கென்ன விசரோ? எங்கடை பிரச்சினையை வெள்ளைக்காரனிட்டைக் கொண்டு போறதோ? இராசலிங்கம் அண்ணையிட்டை ஒரு வார்த்தை சொல்லும். அவர் அல்பேர்ட்டைக் கூப்பிட்டுப் பேசி விடுவார்."

இதுதான் எங்கள் சனத்தின் பழக்கம். புருஷன் பெண்சாதிச் சண்டையோ, சீட்டுப் பிரச்சினையோ, பிள்ளை ஓடிப்போனதோ, முதலில் ஒரு அண்ணையிடம் போக வேண்டும். அண்ணை பேசித் தீர்ப்பார். வெளியில் தெரியாது. முப்பத்து மூன்று வருடத்தில் நான் எத்தனை பேருக்கு இந்தப் புத்தியைச் சொல்லியிருப்பேன்! எங்கள் ஹோலில், எங்கள் சோபாவில் இருந்து, என் போனிலேயே எண்ணை அழுத்தி நாகமுத்துவிடம் கொடுத்தேன். அவன் சொன்னதை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"தம்பி, நீர் பயப்பிடாதையும். ஆருக்கும் சொல்லாதையும். நான் பாத்துக்கொள்ளுறன்" என்றார்.

நாகமுத்து அதற்குப் பிறகு இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான். நானும் பெரிய காரியம் செய்து முடித்தவள்போலப் பாத்திரம் கழுவினேன்.

இராசலிங்கம் அண்ணை அல்பேர்ட்டைக் கூப்பிடவில்லை. ஹோல்கரைக் கூப்பிட்டார். கெட்ட எண்ணத்தில் செய்தார் என்று இன்றும் நான் நினைக்கவில்லை. அவர் சொல்லி அந்தப் பண்ணை இத்தனை வருடத்தில் எட்டுப் பத்துத் தமிழருக்கு வேலை கொடுத்திருக்கிறது. பெயரைக் காப்பாற்ற நினைத்தார். எங்கள் பெடியன் ஒருவன் தெரியாத்தனமாக ஒரு வீடியோ எடுத்துவிட்டான், கண்டுகொள்ளாமல் அழிக்கச் சொல்லுங்கள், நாகமுத்து நல்லவன், அவனுக்கு நான்கு மாதம்தான் மிச்சம், அவனை ஒன்றும் செய்யாதீர்கள் என்று பக்குவமாகத்தான் பேசியிருப்பார். அவர் பேசுவதெல்லாம் பக்குவம்தான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரக் கறவை. நாகமுத்துவும் அல்பேர்ட்டும் சுழல்மேடையடியில் பக்கத்துப் பக்கத்தில் நின்று குழாய் மாட்டிக்கொண்டிருந்தார்கள். அல்பேர்ட் ஏதோ மன்னார்க் கதை சொல்லிக்கொண்டிருந்தான். ஹோல்கர் உள்ளே வந்தான். ஒன்றும் பேசவில்லை. நேரே போய் ரேடியோவைக் கூட்டினான்.

எந்த மாடு என்றுதான் நாகமுத்து முதலில் பார்த்தானாம்.

ஹோல்கர் அல்பேர்ட்டிடம் வந்து, "மிட்கொமன்" என்றான். கூட வா என்பது. அல்பேர்ட் கையுறையைக் கழற்றிவிட்டு, நாகமுத்துவைப் பார்த்து ஒருமுறை தோளை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனான். பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பொலிகாளை நிற்கும் அடைப்பு. இருவரும் அந்தப் பக்கம் போனார்கள். மேடை சுற்றியது. நாகமுத்து தன் மாட்டுக்கும் அல்பேர்ட்டின் மாட்டுக்கும் சேர்த்துக் குழாய் மாட்டினான். ஒரு பாட்டு முடிந்து அடுத்த பாட்டு தொடங்குமுன் கொஞ்சம் இடைவெளி வந்தது. அந்த இடைவெளிக்குள் ஹோல்கரின் குரல் கேட்டது.

"ரைன்! ரைன் டா! லோஸ்!"

உள்ளே போ, அதற்குள்ளே போ, கெதியாய் என்று மாட்டுக்குச் சொல்வது. பிறகு இரும்புக் கதவு அடித்துச் சாத்தும் சத்தம். பிறகு தாழ்ப்பாள் இழுபடும் சத்தம். அந்தத் தாழ்ப்பாளை நாகமுத்து ஒரு நாளைக்குப் பத்துத் தரம் போட்டு எடுக்கிறவன். அந்தச் சத்தம் அவனுக்குக் கனவிலும் தெரியும். அதற்குப் பிறகு தமிழில் ஒரு குரல்.

"நாகமுத்தண்ணை!"

ஒருமுறைதான். அடுத்த பாட்டு தொடங்கிவிட்டது.

அவன் போகவில்லை. இதை அவன் என்னிடம் சொன்னபோது சுவரைப் பார்த்துச் சொன்னான். "கால் எழும்பேல்லை அக்கா. மேடை சுத்திக்கொண்டிருந்தது. நான் குழாய் மாட்டிக்கொண்டு நிண்டனான்."

கொஞ்ச நேரத்தில் ஹோல்கர் திரும்பி வந்தான். கையைக் கழுவினான். அல்பேர்ட் நின்ற இடத்தில் தானே நின்று குழாய் மாட்டத் தொடங்கினான். பிறகு நாகமுத்துவின் முகத்துக்கு மிக அருகில் வந்து, கத்தாமல், "டூ ஹாஸ்ட் நிக்ட்ஸ் கெசேன். க்ளார்?" என்றான். நீ ஒன்றும் பார்க்கவில்லை, விளங்கிச்சுதோ என்றான்.

"க்ளார், ஷெஃப்" என்றான் நாகமுத்து.

விளங்கியது முதலாளி என்று சொன்னவன் கடைசி மாடு இறங்கிய பிறகுதான் பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் போனான். தாழ்ப்பாள் வெளியில் போட்டிருந்தது. தானே இழுத்துத் திறந்தான். காளை தூர மூலையில் நின்றது. அல்பேர்ட் சுவரடியில் கிடந்தான். செபமாலை அறுந்து வைக்கோலில் கிடந்தது. அல்பேர்ட்டின் கைபேசியைக் காணவில்லை. அவசர எண்ணுக்கு அடித்தாலும் என்ன மொழியில் சொல்வது? எனக்கு அடித்தான். "அக்கா, அல்பேர்ட்... காளை..." என்றான். நான்தான் நூற்றுப் பன்னிரண்டுக்கு அடித்தேன். அல்பேர்ட் மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமலே போய்விட்டான். உடல் மன்னாருக்குப் போனது.

அன்று வந்த பொலிசுக்கு ஹோல்கரே எல்லாவற்றையும் சொன்னான். எத்தனை தரம் சொல்லியும் கேட்காமல் காளையிடம் தனியாகப் போய்விட்டான் என்று சொல்லித் தலையில் கைவைத்து அழுதானாம். நாகமுத்துவைக் கை காட்டிக் கேட்டார்கள். அவன் ஓம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

அதற்குப் பிறகு மூன்று கிழமை அவன் அதே கொட்டிலில் அதே ஹோல்கருக்குப் பக்கத்தில் நின்று பால் கறந்தான். இதை நினைக்கத்தான் எனக்கு இப்போதும் நடுங்குகிறது. ஹோல்கர் நல்லவனாக மாறிவிட்டான். கேக் கொண்டுவந்து கொடுத்தான். புதுச் சப்பாத்து ஒன்றைக் கொண்டெயினர் வாசலில் வைத்துவிட்டுப் போனான். ரேடியோவைக் கூட்டவேயில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் கடந்து போகும்போது நாகமுத்துவுக்கு நான்கு விரலைக் காட்டுவான். காட்டிவிட்டுச் சிரிப்பான். முதல் நாள் நாகமுத்துவுக்கு அது என்னவென்று விளங்கவில்லை. இரண்டாம் நாள் விளங்கியது. நான்கு மாதம். அந்தக் கணக்கு அவனுக்கு எப்படித் தெரியும்? அந்த நான்கு மாதத்தைப் பற்றி நாகமுத்து வாய் திறந்தது அல்பேர்ட்டிடம், என்னிடம், இராசலிங்கம் அண்ணையிடம். அல்பேர்ட் செத்துப்போனான். நான் சொல்லவில்லை.

இரவில் வெற்றுக் கட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பானாம். உள்ளிருந்து பூட்டிய கதவுக்கு முன்னால் உருளைக்கிழங்கு மூட்டையை இழுத்துவைத்துவிட்டுப் படுத்தானாம். அது யாரைத் தடுக்கும்? ஆனாலும் வைத்தான்.

இராசலிங்கம் அண்ணையும் போன் எடுத்தார். "தம்பி, நடந்தது நடந்து போச்சு. செத்தவன் திரும்பி வரப்போறானோ? உம்மடை பிள்ளையை யோசியும்."

பொலிசில் இருந்து கடிதம் வந்தது. வேலையிடத்து மரணம் என்றபடியால் சாட்சியாக வந்து வாக்குமூலம் கொடுக்க வேண்டும் என்று டெர்மின் போட்டிருந்தார்கள். அந்தக் கடிதத்தோடுதான் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினான். எனக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே இராசலிங்கம் அண்ணைக்கு அடித்தேன். கிழிக்கிற கிழியில் அவர் கோயில் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று நினைத்துக்கொண்டுதான் அடித்தேன். மறுபக்கத்தில் "என்ன பிள்ளை, சுகமோ?" என்று அந்தக் குரல் கேட்டதும், "ஓம் அண்ணை, சும்மாதான் எடுத்தனான்" என்றேன். என் வாய்தான் அப்படிச் சொன்னது. போனை வைத்துவிட்டுக் குசினிக்குள் போய் அழுதேன்.

"என்ன சொல்லப் போறீர்?" என்று நாகமுத்துவைக் கேட்டேன்.

"ஒண்டும் பாக்கேல்லை எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டால் நாலு மாசம் தப்பும் அக்கா."

நான் மறுத்துப் பேசவில்லை. அவனுடைய இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

டெர்மினுக்கு முதல் நாள் மன்னாரில் இருந்து அல்பேர்ட்டின் தாய் பேர்பெச்சுவா நாகமுத்துவுக்குப் போன் எடுத்தா. யாரிடமோ எண் வாங்கியிருக்கிறா. அழவில்லையாம். சண்டை பிடிக்கவில்லையாம். "தம்பி, நீர்தானாம் பக்கத்திலை நிண்டது. அவன் கடைசியா என்ன சொன்னவன்? அதை மட்டும் சொல்லும், எனக்குக் காணும்" என்று கேட்டாவாம். சிக்னல் சரியில்லை என்று சொல்லி இவன் போனை வைத்துவிட்டான்.

அடுத்த நாள் என் காரில்தான் போனோம். சின்ன ஊர், சின்னப் பொலிஸ் நிலையம். இளம் பெண் அதிகாரி ஒருத்தி, தலைமயிரை இறுக்கிக் கட்டியிருந்தாள். நம்பிக்கையான ஆள் கூட இருக்கலாம், ஆனால் பேசக் கூடாது என்று சொல்லி என்னைப் பின்னால் ஒரு கதிரையில் இருத்தினாள். மொழிபெயர்ப்பாளர் வந்துவிட்டார் என்றாள். கதவு திறந்தது. கழுத்துப்பட்டி கட்டி, கையில் கோப்போடு இராசலிங்கம் அண்ணை வந்தார்.

நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் வேறு யார் மொழிபெயர்க்க வருவார்கள்? நாகமுத்து அவரைப் பார்த்ததும் கதிரையில் இருந்து எழும்பிவிட்டான். மரியாதைக்கு எழும்பினானா, ஓடுவதற்கு எழும்பினானா தெரியாது.

"இரும் தம்பி. ஒண்டுக்கும் யோசிக்காதையும்" என்றார் அவர்.

பெயர், பிறந்த தேதி, வேலை எல்லாம் ஒழுங்காகப் போனது. பிறகு அவள் அடைப்புக் கதவைப் பற்றிக் கேட்டாள். அல்பேர்ட்டைக் கண்டபோது கதவு எப்படி இருந்தது? இராசலிங்கம் அண்ணை அதைத் தமிழில் கேட்டார். நாகமுத்து கையைப் பிசைந்தான். நிலத்தைப் பார்த்தான். ஒன்றும் பார்க்கவில்லை என்று சொல்லப் போகிறான் என்று நான் நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், அப்படிச் சொன்னால் நல்லது என்றும் நினைத்தேன்.

"நான் போய்ப் பாக்கேக்கை தாழ்ப்பாள் வெளியாலை போட்டுக் கிடந்தது. நான்தான் இழுத்துத் திறந்தனான்" என்றான்.

இராசலிங்கம் அண்ணை மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார். பிறகு வடிவான ஜெர்மனில் சொன்னார்: கதவு சாத்தியிருந்தது, அதைத் தான் திறந்ததாகச் சொல்கிறார்.

பொய் என்று ஒரு சொல் இல்லை. தாழ்ப்பாளும் இல்லை. வெளியாலே என்பதும் இல்லை. அவள் தலையாட்டிவிட்டுத் தட்டச்சு செய்தாள். அங்கே அது விளங்கியது எனக்கு மட்டும்தான். எழும்பிச் சொல்ல வேண்டும், அந்த ஆளை வெளியே போகச் சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். நான் கதிரையில் இருந்து எழும்பவில்லை. என்னைப் பேசக் கூடாது என்று அவள் சொன்னது ஒரு சாட்டு. உண்மை அதுவல்ல. அண்ணை இருக்கிறார், எப்படி வாய் திறப்பது? அதுதான் உண்மை. வெட்கக்கேடு.

நாகமுத்து இராசலிங்கம் அண்ணையின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, ரீகல் எண்டு நீங்கள் சொல்லேல்லை" என்றான்.

ரீகல் என்றால் தாழ்ப்பாள். ஹோல்கர் அவனிடம் ஒரு நாளைக்குப் பத்துத் தரம் கத்துகிற சொல். அவனுடைய நாற்பதில் ஒன்று. தான் சொன்னதன் ஜெர்மனுக்குள் அந்த ஒரு சொல் வரும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்திருக்கிறான். வரவில்லை.

"அது கொட்டில் கதை தம்பி. நான் விளங்கப்படுத்திப்போட்டன். நீர் அடுத்ததுக்கு வாரும்."

நாகமுத்து அடுத்ததற்கு வரவில்லை. அதிகாரியின் பக்கம் திரும்பினான். மேசையில் கையை வைத்து, தாழ்ப்பாளை இழுத்துப் போடுவதுபோலக் காட்டினான். "ரீகல்" என்றான். கதவுக்கு வெளிப்பக்கத்தைக் காட்டினான். "ட்ராவ்சன். ரீகல் ட்சூ." வெளியே. தாழ்ப்பாள் பூட்டு.

அவள் தட்டச்சை நிறுத்தினாள்.

அவனுக்கு வசனம் கட்டத் தெரியாது. அவன் சொன்னான், இவன் சொன்னான் என்று எப்படிச் சொல்வதென்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் ஹோல்கர் சொன்ன சொற்கள்தான். ஆகவே அவற்றை ஹோல்கர் சொன்ன மாதிரியே சொன்னான். ரேடியோவைக் கூட்டுவதுபோல விரலைத் திருப்பிக் காட்டினான். குரல் தடித்தது. "ஹோல்கர்: அல்பேர்ட், மிட்கொமன்!" என்றான். "ரைன்! ரைன் டா! லோஸ்!" என்றான். ஆறு வருடம் அந்தக் குரலுக்குள் கிடந்தவன். அது அவன் வாயால் வந்தபோது நான் கதவைத் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி கதிரையைப் பின்னுக்குத் தள்ளினாள். கதவு சாத்துகிற சத்தத்துக்கு மேசையில் அடித்தான். தாழ்ப்பாளை இழுத்தான். பிறகு குரல் மாறியது.

"நாகமுத்தண்ணை!"

அது அல்பேர்ட். அதற்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. இராசலிங்கம் அண்ணை கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

திரும்பவும் ஹோல்கரின் குரல், இப்போது தணிந்து. "டூ ஹாஸ்ட் நிக்ட்ஸ் கெசேன். க்ளார்?"

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?" என்று அதிகாரி அவனிடமே நேராகக் கேட்டாள்.

"க்ளார், ஷெஃப்" என்றான் நாகமுத்து. பிறகு இல்லை என்று தலையை ஆட்டி, "நிஷ்ட் க்ளார்" என்றான். இல்லை, விளங்கவில்லை, ஒத்துக்கொள்ளவில்லை, எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். யாரும் அவனுக்குச் சொல்லிக் கொடுக்காத ஜெர்மன் அது. இரண்டு சொல்லை அவனாகவே எடுத்து ஒட்டவைத்தான்.

அப்போதுதான் என் வாயும் திறந்தது. அந்த மனிதரை வெளியே அனுப்புங்கள், அவர் அந்தப் பண்ணைக்கு ஆள் கொடுக்கிறவர் என்று சொன்னேன். பிந்திப்போய்ச் சொன்னேன். அவள் இராசலிங்கம் அண்ணையைப் பார்த்தாள். அவர் தன் கோப்பை மூடி எடுத்துக்கொண்டு எழுந்தார். கதவடியில் என்னைத் தாண்டும்போது "பிள்ளை" என்றார். நான் அவரைப் பார்க்கவில்லை.

டார்ம்ஸ்டாட்டில் இருந்து வேறொரு மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வருவார், ஒரு மணித்தியாலம் காத்திருங்கள் என்றாள். இருவருக்கும் தண்ணீர் தந்துவிட்டுப் போனாள். நாகமுத்து தண்ணீர்க் குவளையைத் தள்ளிவைத்தான்.

"அக்கா, இனி எனக்கு எத்தினை மாசம்?" என்று கேட்டான்.

"தெரியேல்லை" என்றேன். உண்மையில் தெரியாது. இன்றைக்கும் தெரியாது.

அவன் கைபேசியை எடுத்து மன்னார் எண்ணைத் தேடினான்.

"பேர்பெச்சுவா அம்மாவுக்குச் சொல்லோணும். கேட்டவா."

"என்ன சொல்லப் போறீர்?"

"கடைசியா என்னைத்தான் கூப்பிட்டவன் எண்டு" என்றான். "நான் போகேல்லை எண்டும் சொல்லோணும்."